ஒளிப்படத்தில் மறைந்துள்ள முகவரி

அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதியும் பெங்களூருவாசியுமான கே. எஸ். புட்டசாமி ஆவார். அவ்வுரிமை மக்கள் அறியாமலே நழுவும் வழிகளுள் ஒன்று, திறன்பேசியில் எடுக்கப்படும் ஒளிப்படம்.

பதிவாகும் முறை

ஒளிப்படக் கோப்பில் காட்சியுடன் நாள், நேரம், கருவியின் பெயர் ஆகியனவும் பதிவாகின்றன. 1995இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட ‘எக்சிஃப்’ என்னும் முறை இதற்கு அடிப்படை. திறன்பேசியில் இட வசதி இயங்குமாயின், செயற்கைக்கோள் வழி அறியப்படும் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளும் அதில் சேர்கின்றன. விதான சௌதா ஏறத்தாழ 12.98 பாகை வடக்கிலும் 77.59 பாகை கிழக்கிலும் உள்ளது. இவ்வாறு இரண்டு தசம இலக்கங்கள் மட்டும் இருப்பின் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அளவுக்கே இடம் புலப்படும். நான்கு இலக்கங்கள் இருப்பின் 11 மீட்டர் அளவுக்கு, அதாவது இன்ன வீடு என்னும் அளவுக்குத் தெரிந்துவிடும்.

பயனும் கேடும்

இவ்விவரம் நன்மைக்கும் உதவுகிறது. பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில், கட்டுமானம் நடைபெறுவதை இடக்குறியுள்ள படங்களே உறுதி செய்கின்றன. ஆயின், பழைய பொருளை விற்க வீட்டிலேயே எடுத்து அனுப்பும் படம், முன்பின் அறியாதவருக்கு வீட்டு முகவரியையும் அளித்துவிடக்கூடும். பல படங்களை நேர வரிசையில் அடுக்கினால் ஒருவரின் அன்றாட நடமாட்டமே வெளிப்படும். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த கணினித் தொழிலதிபர் ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பதை இதழொன்று வெளியிட்ட படத்தின் இடக்குறியே காட்டிக்கொடுத்தது.

சட்டமும் எச்சரிக்கையும்

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவெளியில் வெளியிட்ட தம் தரவுக்குப் பொருந்தாது. எனவே முதற்காப்பு அவரவர் கையிலேயே உள்ளது. கேமரா செயலிக்கு இட அனுமதியை நிறுத்தலாம். அனுப்புமுன் இடக்குறியை நீக்கலாம். பெரிய சமூக ஊடகங்கள் பொதுவாக இவ்விவரத்தைப் பிறர் காணாதவாறு நீக்கினும், மூலப்படம் அந்நிறுவனத்தைச் சென்றடைகிறது. மின்னஞ்சல் இணைப்பாக மூலப்படத்தையே அனுப்பினால் குறி அப்படியே செல்லும்.

அரசு அலுவலகங்களின் பொறுப்பு இன்னும் பெரிது. ஆய்வுக்கெனப் பெறும் படத்தில் இடக்குறி தேவை. அதே படத்தை மக்கள் பார்வைக்கு வெளியிடுகையில் அது தேவையில்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்து செயற்படுதல் பயனாளிகளின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது.