இந்த முறை அம்மா கீழே வரட்டும்

அன்புள்ள கருணாபுரம் வாசகிக்கு,

மூத்தவன் சிசேரியன், இரண்டாவது சுகப்பிரசவம் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகலாம். ஆனால் ஒன்பதாம் மாதம் கல்வராயன்மலையில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றும் எழுதியிருக்கிறீர்களே, அது வேண்டாம்.

ஒரு தடவை வயிற்றைக் கிழித்தால் அடுத்ததும் அப்படித்தான் என்பது 1916-ல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிரேகின் சொன்னது. அன்று கருப்பையை நெடுக்காக வெட்டினார்கள். இன்று பெரும்பாலும் அடிப்பாகத்தில் குறுக்காக வெட்டுவதால், முயல்பவர்களில் நாலில் மூன்று பேருக்கு சுகப்பிரசவமே ஆகிறது.

தோலில் தெரியும் தழும்பை நம்பாதீர்கள். உள்ளே வெட்டு வேறு மாதிரி இருக்கலாம். பீரோவில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடுங்கள். 'எல்.எஸ்.சி.எஸ்.' என்றிருந்தால் அடிப்பாக வெட்டு. பக்கத்திலேயே காரணமும் இருக்கும். குழந்தை தலை திரும்பாமல் இருந்தது என்றால் அது அந்தப் பிரசவத்தோடு போயிற்று. முழு வலி வந்தும் தலை இறங்கவில்லை என்றால் வாய்ப்பு குறைவு. இரண்டு பிரசவத்துக்கும் ஒன்றரை வருஷமாவது இடைவெளி இருப்பது நல்லது.

சுமார் இருநூறு பேரில் ஒருவருக்குப் பழைய தழும்பு பிரசவ வலியில் பிரிந்துவிடும். பிரிந்தால் நிமிஷக் கணக்குதான். ஆபரேஷன் தியேட்டர், ரத்தம், மயக்க மருத்துவர் மூன்றும் அதே கட்டடத்தில் வேண்டும். 108 வண்டி எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் மலைப்பாதை வளைவுகள் குறையப்போவதில்லை. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றாலே உங்கள் தெருவுக்கு 2024 ஜூன் கள்ளச்சாராயச் சாவுகள் ஞாபகம் வரும், தெரியும். அப்படியும் முதலில் அங்கேதான் விசாரிக்கச் சொல்வேன்.

ராத்திரி இரண்டு மணிக்கும் உடனே ஆபரேஷன் செய்ய முடியுமா, குழந்தையின் துடிப்பை விடாமல் பார்ப்பார்களா என்று கேளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன்; தனியாரில் 64. அதனால் சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்றால் எடுத்த எடுப்பில் மறுப்பவர்களும் உண்டு. காரணம் கேளுங்கள். 'ராத்திரியில் எங்களிடம் மயக்க மருத்துவர் இல்லை' என்றால் அது நேர்மையான பதில். வேறு இடம் பாருங்கள். வலி வரவில்லையென்று மாத்திரை வைத்து வரவழைப்பது தழும்புக்கு ஆகாது. பாதியில் ஆபரேஷன் என்று சொன்னால் அடம்பிடிக்க வேண்டாம்.

எட்டாம் மாதக் கடைசியிலேயே அம்மாவைக் கருணாபுரத்துக்கு வரவழைத்துவிடுங்கள். மூத்தவனைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டுமே.

அன்புடன்,
உங்கள் அக்கா