ஏழையின் வீட்டுப் படியேறி

நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையைக் காண்கிறோம். அதைத் தொடங்கியவர்கள் குருக்கள் அல்லர், பாரிஸ் நகரத்துக் கல்லூரி மாணவர்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1832-ல் பாரிசில் காலரா பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அக்காலத்தில் பிரெடரிக் ஓசானாம் என்ற மாணவர் திருச்சபையின் பழம்பெருமையை எடுத்துரைக்க, இன்று நீங்கள் ஏழைகளுக்குச் செய்வது என்ன என்று எதிர்த்தரப்பினர் கேட்டனர். அக்கேள்வி அவரை உறுத்தியது. 1833 ஏப்ரல் 23 அன்று, தமது இருபதாம் பிறந்த நாளில், நண்பர்களுடன் முதற் கூட்டத்தில் அமர்ந்தார். ஏழைகளின் வீதிகளை அவர்களுக்குக் காட்டியவர் ரொசாலி என்னும் அருட்சகோதரி. (வழிகாட்டியவர் ஒரு பெண் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமைதான்!)

உறுப்பினர்கள் இருவர் இருவராக வீடு தேடிச் செல்வர். அரிசியைக் கொடுத்ததும் திரும்பிவிடாமல் உட்கார்ந்து பேசுவர். பிள்ளையின் படிப்பு ஏன் நின்றது, பாட்டிக்கு மருந்து உண்டா என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். அதில் யார் எவ்வளவு போட்டார் என்பது எவருக்கும் தெரியாது.

தோழியரே, பண்டிகை நாட்களில் ஆலய வாசலில் வரிசையாக நிறுத்தித் துணி வழங்கிப் படம் எடுப்பதையும் பார்க்கிறோம். அவ்வரிசையில் நம் வகுப்புத் தோழி ஒருத்தி நின்றால், மறுநாள் நம்மிடம் எப்படிப் பேசுவாள்? ஆகவேதான் தவக்காலத்தில் நம் வகுப்பில் சேரும் பிடியரிசியை மேடையில் வழங்காமல், சபையாரிடம் ஒப்படைத்து வீடுகளுக்கு அனுப்பும்படி சிஸ்டரிடம் கேட்டிருக்கிறோம்.