ஆளுக்கொரு ராத்திரி

ஆம்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். உன் காலேஜ் படத்துக்காக நீ அனுப்பிய கதையையும் ஓவியங்களையும் மூன்று தடவை படித்துவிட்டேன். முதலில் கம்பெனி கேன்டீனில் போனிலேயே பார்த்தேன், மனதில் ஒட்டவில்லை. பிறகு பிரின்ட் எடுத்து வந்து, வீட்டில் பென்சிலோடு உட்கார்ந்து இரண்டு தடவை. ஐந்து பேர் சேர்ந்த சூப்பர் ஹீரோ கூட்டம், அதுவும் நம்ம பாலாற்றங்கரையில்! எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று போனில் சொன்னால் அந்த ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடும். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: 'இது கார்ட்டூன் மாதிரி சின்னப் பசங்க சமாச்சாரமாக இருக்காது, சினிமா மாதிரி சீரியஸாக இருக்கும்.' அந்த வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. நீ வரைந்திருக்கும் உடுப்பிலும் அதே வரி தெரிகிறது.

உடுப்பிலிருந்தே தொடங்குகிறேன். ஐந்து பேருக்கும் கழுத்து முதல் கால் வரை கறுப்புத் தோல். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2000-ல் வந்த எக்ஸ்-மென் படம். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963-ல் உண்டாக்கிய கூட்டம் அது; காமிக்ஸில் மஞ்சளும் நீலமுமாக வந்தவர்கள். 1992-ல் தொடங்கிய கார்ட்டூனிலும் வுல்வரினுக்குப் பளீரென்ற மஞ்சள்தான். சினிமாவுக்குப் போனதும் எல்லோரும் கறுப்புக்கு மாறினார்கள். அந்தப் படத்திலேயே வுல்வரின் உடுப்பைப் பார்த்துச் சலித்துக்கொள்வான், சைக்ளாப்ஸ் மஞ்சளைக் கிண்டலடித்து அவன் வாயை அடைப்பான். பெரியவர்கள் சிரித்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு அந்த இடத்தில் தெரிந்தது. அந்த மஞ்சளைப் போட்டுக்கொண்டு வுல்வரினாக ஹ்யூ ஜாக்மன் திரையில் வர 2024 வரை ஆனது, டெட்பூல் & வுல்வரினில். அதே வருஷம் பழைய கார்ட்டூனை விட்ட இடத்திலிருந்து எக்ஸ்-மென் '97 என்று தொடர்ந்தார்கள். ஜனங்கள் எதைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தாயா?

முப்பது வருஷமாகத் தோலோடு இருக்கிறவன் என்பதால் இதையும் சொல்கிறேன். ஜாக்கெட்டுக்குப் போகிற மெல்லிய ஆட்டு நாப்பாத் தோல்கூட முழங்கையிலும் முட்டியிலும் மடங்கி மடங்கித் தொய்ந்துபோகும். உன் ஆட்கள் அதைப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் பாலாற்று மணலில் ஓடுகிறார்கள். அதை வரையும்போது உனக்கே வேர்த்திருக்க வேண்டாமா?

நிறம் சின்னப் பிள்ளைகளின் சமாச்சாரம் இல்லை. நானும் உன் அம்மாவும் சின்ன வயதில் ஆற்காட்டுப் பக்கம் எங்கள் பாட்டி ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போவோம். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், கூட்டத்தின் கடைசியில் கோணிப்பை விரித்து உட்கார்ந்திருப்போம். அவ்வளவு தூரத்தில் கண்ணும் மூக்குமா தெரியும்? முகத்தில் பூசிய அரிதாரம், தலைக் கிரீடம், தோளில் நிற்கும் புஜகீர்த்தி, இவற்றை வைத்தே வந்தவர் யார் என்று பாட்டி சொல்லிவிடும். ஆள் சட்டென்று வரவும் மாட்டார். முதலில் இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் பாட்டு, சலங்கைச் சத்தம், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். கட்டியங்காரன் தாங்கள் யாரோ என்று கேட்பான். அதன் பிறகுதான் திரை விலகும். ஒரு ஆளை உள்ளே கொண்டுவர எத்தனை பொறுமை!

நாங்கள் படித்த காமிக்ஸில் கூட்டம் அதிகம் கிடையாது. முத்து காமிக்ஸ் 1972-ல் வந்தது. இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்தால் மறைவான், கை மட்டும் தெரியும், தனி ஆளாகத் திரிவான். 1984-ல் வந்த லயன் காமிக்ஸிலும் ஸ்பைடர் ஒருத்தன்தான் நாயகன். எங்களுக்குத் தெரிந்த சூப்பர் ஹீரோ கூட்டம் பஞ்ச பாண்டவர்தான். ஒருத்தனுக்குப் பலம், ஒருத்தனுக்கு வில், ஒருத்தனுக்குத் தர்மம், நடுவில் தீயில் பிறந்தவள் ஒருத்தி. அந்தக் கூட்டத்தைக் கூத்துக்காரர்கள் எப்படிக் காட்டினார்கள் என்பதை நீ கவனித்தே ஆக வேண்டும்.

ஆளுக்கொரு ராத்திரி கொடுத்தார்கள். பகாசுரனை அடிக்கிற ராத்திரி பீமனுடையது. அர்ச்சுனன் தபசு அர்ச்சுனனுக்கு. தபசு மரத்தில் அவர் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார், பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் கீழே முந்தானை விரித்து ஏந்துவார்கள். துகில் உரிகிற ராத்திரி திரௌபதியுடையது. அபிமன்னனுக்கு ஒன்று, எதிர்ப்பக்கத்துக் கர்ணனுக்குக்கூட ஒன்று. கடைசி நாள் காலையில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கும்போது, பீமன் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தலை முடிக்க, மொத்த ஊரும் அழும். அங்கே நிற்கிற ஒவ்வொருவரோடும் ஊர் ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்திருக்கிறது. அழுகை அதனால் வருவது.

இப்போது உன் மார்வெலுக்கு வா. 2008-ல் அயர்ன் மேன், அதே வருஷம் ஹல்க், 2011-ல் தோரும் கேப்டன் அமெரிக்காவும். அதற்குப் பிறகே 2012-ல் அவெஞ்சர்ஸ். நம்ம கூத்துக் கணக்கேதான். டிசியில் சூப்பர்மேனுக்கும் வொண்டர் வுமனுக்கும் தனிப் படம் வந்திருந்தது. ஃப்ளாஷ், சைபோர்க், அக்வாமேன் மூவருக்கும் ராத்திரியே இல்லை. 2017-ல் ஜஸ்டிஸ் லீக்கில் அவர்களை நேராகப் படுகளத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ஸாக் ஸ்னைடர் விலகியதும் அதை முடித்துக் கொடுத்தவர் ஜாஸ் வீடன். 2012 அவெஞ்சர்ஸை எடுத்தவரும் அவரேதான் மாப்பிள்ளை. அதே ஆள், அதே கை. முன்னால் கழிந்த ராத்திரிகள்தான் இல்லை. 2021-ல் ஸ்னைடர் தன் படத்தை நாலு மணி நேரமாக வெளியிட்டார். அதில் சைபோர்க்குக்கும் அவன் அப்பாவுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது இருக்கிறது, அந்த அப்பாவின் சாவு இருக்கிறது. இரண்டு மணி நேரப் படத்தில் வெறும் இரும்பாக நின்றவன் இதில் மகனாக நிற்கிறான். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார். உன் படிப்புக்கு அது உதவும்.

வெட்டுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பத்தொன்பது வயதில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங்கில் சேர்ந்தேன். மாட்டுத் தோலை மேஜையில் விரித்தால் முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும். வயிற்றோரம் தளர்ச்சி, இழுத்தால் கூடவே வரும். ஷூவின் முன்பக்கம், வேம்ப், முதுகுப் பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். டங்குக்கும் உள்ளே மறைகிற துண்டுகளுக்கும் வயிற்றோரம் போதும். தோல் மிச்சம் பிடித்து நல்ல பேர் வாங்கும் ஆசையில் நான் வேம்ப்பையும் வயிற்றோரத்தில் டை வைத்து அடித்துவிட்டேன். தையலில் யாருக்கும் தெரியவில்லை. லாஸ்டிங்கில் அச்சின்மேல் போட்டு இழுத்தபோது ஒவ்வொன்றாக முகம் சுருங்கியது. நாற்பது ஜோடி. அந்த நாற்பது சுருங்கிய முகங்களும் இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கின்றன. இழுப்பு எங்கே விழும் என்று பார்க்காமல் வெட்டியது என் தப்பு. உன் கதையில் கடைசிச் சண்டைக்கு முன்னால் கூட்டத்துத் தலைவன் சாகிறான். இழுப்பு அங்கேதான் விழுகிறது. ஆனால் அவனுக்கு நீ வெட்டி வைத்திருப்பது வயிற்றோரத்துத் துண்டு.

கார்ட்டூனை நீ மட்டமாகச் சொன்னது எனக்கு ஏன் வலித்தது என்றால், இந்த வேலையை நன்றாகச் செய்தது கார்ட்டூன்தான். நீ சின்னவனாக இருந்தபோது பென் டிரைவில் ஏற்றி வந்து நாம் இருவரும் பார்த்தோமே, 2001-ல் தொடங்கிய ஜஸ்டிஸ் லீக். ஏழு பேர். பெரும்பாலான கதைகள் இரண்டு பாகம், அதனால் இரண்டு மூன்று பேருக்கு நின்று பேச நேரம் கிடைத்தது. சண்டையே பிரதானமில்லாத ஒரு கிறிஸ்துமஸ் கதை உண்டு, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஏழு பேரில் ஒருவனான செவ்வாய்க் கிரகத்துக்காரனுக்குப் போக வீடு இல்லை, அவன் இனத்தில் எவரும் மிச்சமில்லை. சூப்பர்மேன் அவனைத் தன் அம்மா அப்பா வீட்டுக்குக் கூட்டிப் போகிறான். வந்தவன் முதலில் மூலையில் ஒட்டாமல் நிற்கிறான். கடைசியில், எல்லோரும் தூங்கிய பிறகு, தன் சொந்த உருவத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் பூனை, தன் கிரகத்துப் பாஷையில் பாடுகிறான். வீட்டுக்காரர்கள் எழுந்து வந்து சத்தமில்லாமல் கேட்கிறார்கள். இருபது சொச்சம் நிமிஷக் கார்ட்டூன் அது. நீ அன்றைக்கு என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, 'மாமா, அவனை நம்ம வீட்டுக்குக் கூப்பிடலாமா?' என்று கேட்டாய். 2017 படத்தில் அந்தச் செவ்வாய்க்காரனே கிடையாது. பிறகு, 2004-ல் வந்த கதையில் ஹாக்கேர்ள் தன் கூட்டத்துக்கே வேவுகாரி என்று தெரிகிறபோது நீ சாப்பிடாமல் எழுந்து போனாய். ஒரு துரோகம் உன்னை அப்படி அடிக்க வேண்டுமென்றால், அவளோடு நீ எத்தனை சாயங்காலம் பழகியிருக்க வேண்டும்!

உனக்கு அத்தனை நாள் கிடையாது, பன்னிரண்டு நிமிஷம்தான், காலேஜில் அதற்கு மேல் தரமாட்டார்கள். சரி. நான் மேலே குறை சொன்ன அதே 2000 எக்ஸ்-மென் இதற்கு வழி காட்டுகிறது, அதை மறைக்கக் கூடாது. தொட்டால் எதிராளியின் உயிர்ச்சக்தியை உறிஞ்சிவிடுகிற அந்தப் பெண் ரோக், அடுத்து வுல்வரின், இருவரும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வருகிறார்கள். மற்றவர்களை நாம் அவர்கள் கண்ணாலேயே பார்க்கிறோம். எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடவில்லை. உடுப்பில் பயந்தார்கள், கதையில் பயப்படவில்லை. நீ உடுப்பை எடுத்துக்கொண்டு கதையை விட்டுவிட்டாய்.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019-ல் எண்ட்கேம் தமிழில் வந்தபோது முருகதாஸ் வசனம், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல். நல்ல நடிகர், எனக்கும் பிடிக்கும். ஆனாலும் ரசிகர்கள் பலர் பழைய குரலையே கேட்டார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. பல படமாகக் கூட வந்த குரல் அது, சாகப்போகிற படத்தில் போய் மாறிவிட்டது. முகம்போலக் குரலும் ஒரு அடையாளம். உன் ஐந்து பேரும் ஒரே குரலில், சென்னை காலேஜ் தமிழில் பேசுகிறார்கள். பேர்ணாம்பட்டு பாய் வீட்டுப் பையன் ஒருவன் வருகிறான். வீட்டில் உருது, தெருவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். அவன் செய்தி வாசிக்கிறவர்போல் பேசுகிறான். உன்னோடு ஏழாம் வகுப்புவரை கிரிக்கெட் ஆடியவர்களை நினைத்துக்கொண்டு எழுது.

இனி அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். ஐந்து பேரில் நாலாவது. விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவள். தோலைத் தொட்டால் அந்த மாட்டுக்கு நேர்ந்தது எல்லாம் அவளுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். மொத்தக் கதையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் அதுதான். ஆனால் அவளுக்கு நீ கொடுத்தது இரண்டு வசனம். பேர்கூட வைக்கவில்லை.

அந்தச் சக்தி நிஜத்தில் இருக்கிறது மாப்பிள்ளை. தோலைத் தரம் பிரிக்கிற அசார்ட்டிங் மேஜைக்கு உன்னை ஒரு நாள் கூட்டிப் போகிறேன். எங்கள் செக்‌ஷனில் ஒரு அம்மா இருக்கிறார்கள், ஜன்னல் வெளிச்சம் விழுகிற பக்கமாகவே நிற்பார்கள். தோலை விரித்து, கட்டைவிரலால் முதுகிலிருந்து வயிற்றுக்கு ஒரே ஓட்டம். இது முள் கிழித்தது, இது உண்ணி கடித்தது, இது கொம்பு பட்டது, இங்கே சூடு போட்டிருக்கிறார்கள். மேலே சாயமும் ஃபினிஷும் ஏறிய பிறகும் அந்த விரலுக்குத் தெரிகிறது. ஒரு தடவை ஒரு தோலின் கழுத்தில் விரலை நிறுத்தி, 'இது ரொம்ப நாள் நுகத்தடி சுமந்த மாடு' என்றார்கள். பக்கத்தில் இருந்த நான் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மா அதைத் தடவிக்கொடுத்துவிட்டு அடுத்த தோலை எடுத்தார்கள்.

பன்னிரண்டு நிமிஷத்தையும் அவளுக்குக் கொடு. மற்ற நாலு பேரும் அவள் கண்ணில் படுகிற அளவுக்கு வந்தால் போதும். தலைவன் செத்த பிறகு அவன் செருப்பையோ பெல்ட்டையோ அவள் கையில் எடுக்கட்டும், அப்போது அவள் விரலுக்கு என்ன தெரிகிறது என்று நீ எழுது. உடுப்பு வேண்டாம். நம்ம கம்பெனிகளில் பெண்கள் சேலைமேல் போட்டுக்கொள்கிற கோட் போதும், நிறம் மட்டும் நீயாகத் தேர்ந்தெடு, பஸ் கூட்டத்திலும் தெரிகிற மாதிரி.

அடுத்த மாதம் லீவுக்கு வரும்போது சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடு, அன்றைக்கு அரை நாள் வேலை இருக்கிறது, அசார்ட்டிங்கில் சொல்லிவைத்திருக்கிறேன். அந்த அம்மாவிடம் நீயே கேட்கலாம். அதற்கு முன்னால் உன் கதையில் வருகிறவளுக்கு ஒரு பேர் யோசித்து எனக்குப் போன் பண்ணு. பழைய பென் டிரைவ் கிடைத்துவிட்டது, அந்தக் கிறிஸ்துமஸ் கதையும் அதில் இருக்கிறது. உன் அம்மாவையும் கூட்டி வா.

அன்புடன்,
மாமா