முதலில் சுவர் காயட்டும்

அன்புள்ள தம்பி,

உன் கடிதமும் வீட்டின் படங்களும் வந்து சேர்ந்தன. கொள்ளுத்தாத்தா 1930களில் கட்டிய வீட்டை இடிக்காமல் சீர்செய்து அதிலேயே குடியிருக்கப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. காவிரிக் கரை ஊர்களில் இப்படிப்பட்ட வீடுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும் காலத்தில், இருபத்தாறு வயதில் உனக்கு இந்த எண்ணம் வந்தது பெரிய விஷயம்.

பொங்கலுக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்கிறாய். வாசலுக்குப் புது எலிவேஷன், சுவர்களுக்குப் பட்டி பார்த்து எமல்ஷன், கூடத்தில் வெள்ளை டைல்ஸ், மேலே ஃபால்ஸ் சீலிங், முற்றத்துக்கு ஷீட். இவை எல்லாமே வீட்டின் மேல் எதையாவது போர்த்துகிற வேலைகள். பழைய வீட்டில் அழகு பெரும்பாலும் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. பின்னால் வந்தவர்கள் ஒட்டியதையும் பூசியதையும் அடைத்ததையும் எடுக்க எடுக்க, முதலில் கட்டியவனின் கை தெரியத் தொடங்கும். அதற்கும் முன்னால் சுவர் காய்ந்திருக்க வேண்டும். ஆகவே நிறத்தைப் பற்றிக் கொஞ்சமும் தண்ணீரைப் பற்றி நிறையவும் எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்.

இப்போது ஆடி நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் வீட்டைப் பார்ப்பதற்கென்றே வைத்துக்கொள். அடைமழையில் குடையோடு நின்று, கூரையில் விழும் தண்ணீர் எங்கே போகிறது என்று பார். முற்றத்தைச் சுற்றி நான்கு சரிவுகளும் கூடும் மூலைகளில் தகரம் அரித்திருக்கும். முக்கால்வாசி ஒழுக்கு அங்கேதான். முற்றத்து ஜலதாரையில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதா, தெருச் சாக்கடை நிரம்பியபோது அதே வழியாகத் திரும்பி உள்ளே வருகிறதா என்று கவனி. உன் வீட்டு வாசல்படியில் ஒன்று ஏற்கனவே தார்ச்சாலைக்குள் போய்விட்டதைப் படத்தில் பார்த்தேன். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதன் விளைவு அது. தெரு உயர்ந்தால் தெருத் தண்ணீர் அஸ்திவாரத்தைத் தேடி வரும். வீட்டைச் சுற்றிச் சுவரை ஒட்டிச் சிமென்ட் தளம் போட்டிருந்தால் அதையும் ஓர் இரண்டடி அகலத்துக்கு உடைத்தெடுத்து, ஜல்லி கொட்டி, வெளிப்பக்கம் வாட்டம் கொடு. மண்ணில் இறங்கிய ஈரத்துக்கு மேலே வர வேறு வழியில்லாவிட்டால் அது சுவர் வழியாகத்தான் வரும்.

சுவரில் ஏன் இவ்வளவு எளிதாக ஏறுகிறது என்றால், அந்தக் காலத்துச் செங்கல் சுவர்களில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. நுண்துளைகள் வழியாக ஓதம் மூன்றடி நாலடி உயரம் வரை ஏறத்தான் செய்யும். கட்டியவர்களுக்கு இது தெரியும். ஏறுகிற ஈரம் வழியிலேயே காற்றில் காய்ந்து போகும்படியான பூச்சை அவர்கள் பூசினார்கள். அதுதான் சுண்ணாம்பு.

போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது 1824இல். நம் நாட்டில் போர்பந்தரில் சிமென்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1914இல். கிராமத்துக் கொத்தனார் கைக்கு அது தாராளமாகக் கிடைக்க இன்னும் வெகுகாலம் ஆயிற்று. உன் வீட்டுச் சுவர் சுண்ணாம்புக் கலவையில் எழுந்தது என்பது உதிர்ந்த பகுதியின் படத்திலேயே தெரிகிறது. ஆணியால் கீறிப் பார்; வெள்ளையாக, மாவாக வரும். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்த கலவை அது. சுவரில் பூசியபின் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மறுபடியும் கல்லாகிறது. கல்லானாலும் நுண்துளைகள் மூடுவதில்லை. மயிரிழை விரிசல்களில் மழைநீர் கரைத்துக் கொண்டுவரும் சுண்ணாம்பு படிந்து தானாகவே அடைபடுவதும் உண்டு.

இப்போது உன் கூடத்துப் படத்துக்கு வா. சுவரின் அடிப்பக்கம் நாலடி உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் சிமென்ட் பூச்சு இருக்கிறது. அதற்கு மேலேதான் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு பொரிந்து கொட்டுகிறது. யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில், ஓதத்தை அடக்கிவிடலாம் என்று அந்தச் சிமென்ட்டைப் பூசியிருக்கிறார். நனைந்த வேட்டியை மடித்து பிளாஸ்டிக் பையில் போட்டு வைப்பது போன்ற வேலை அது. நாலடியில் காய்ந்திருக்க வேண்டிய ஈரம் வழியில்லாமல் ஆறடிக்கு ஏறிவிட்டது. போகும்போது மண்ணிலுள்ள உப்பையும் கரைத்துக் கொண்டு போகிறது; காயும் இடத்தில் உப்பு பரலாக உறைந்து, விரிந்து, செங்கல்லின் முகத்தையே உரித்துத் தள்ளுகிறது. இதன் மேல் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் ஒரு மழைக்காலத்தில் கொப்புளம் கட்டி, பட்டை பட்டையாக உரியும். பெயின்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

செய்ய வேண்டியது இதுதான். அந்தச் சிமென்ட்டைச் சின்ன உளியால், செங்கல் உடையாமல், பொறுமையாகக் கொத்தி எடுக்க வேண்டும். உப்பைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது மறுபடியும் சுவருக்குள் போகும். பிறகு சுவரைப் பூசாமல் வெற்றுச் செங்கல்லாகவே விட்டுவிடு. மாதக்கணக்கில் விடு. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். காய்ந்தபின் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்து மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் இறுக நாள் கொடுத்து, வெயில் நேரடியாகப் படாமல் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுக் காக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரைக் கலவையில் சேர்க்கும் கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். செட்டிநாட்டுப் பக்கம் விசாரித்தால் அகப்படுவார்கள். கூலி அதிகம்தான். டெக்ஸ்சர் பெயின்டுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நீ ஒதுக்கியிருக்கும் பணம் அந்தக் கைக்குப் போகட்டும் என்பது என் விருப்பம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். கண்ணாடி போடாமல் யாரையும் அந்தத் தொட்டிப் பக்கம் விடாதே.

விரிசல்களைக் கண்டு பயந்திருக்கிறாய். டெல்டாக் களிமண் மழையில் ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கும். அதோடு சேர்ந்து சில விரிசல்கள் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை இரு பக்கமும் கலவை வைத்து ஒட்டி, பென்சிலால் தேதி எழுதிவை. மழை கழிந்து கோடையும் கழிந்தபின் கண்ணாடி முழுதாக இருந்தால் அது பழைய விரிசல், அடைத்துவிடலாம். உடைந்தால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டாமல் அந்தச் சுவரைத் தொடாதே. பழைய கட்டடங்களில் பழகியவராகப் பார். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் இடித்துவிடச் சொல்வார்கள்.

வாசல் பக்கத்து அறைகளின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, கோணலாக வரிசை பிடித்து, சுண்ணாம்பில் பிணைத்த கூரை அது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் முழுவதும் தட்டித் தட்டி இறுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். அண்ணாந்து பார்த்தால் தெரியும் அந்தச் செங்கல் வரிசையை ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைக்கப் போகிறாய் என்பதுதான் உன் கடிதத்திலேயே என்னை மிகவும் வருத்திய வரி. அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். கறையான் ஏறுவதும் கட்டை மக்குவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனைகளில்தான் மக்கல் தொடங்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார். உள்ளே போனால் ஆசாரியைக் கூப்பிடு. மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறீர்கள். நிரம்பினால் ஒரு டன். அந்தக் கூரை இவ்வளவு பாரத்தை ஒரே இடத்தில் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதில்லை. கொல்லையில் தனியாகத் தூண் எழுப்பித் தொட்டியை அங்கே மாற்று. மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் இதைச் செய்.

பின்கட்டின் சீமை ஓடுகளில் உடைந்தவற்றை மட்டும் மாற்றினால் போதும். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையின் வழியில் பிறகு எத்தனையோ ஆலைகள் வந்தன. ஒவ்வொன்றின் ஓட்டுக்கும் பள்ளமும் மேடும் சற்றே வேறுபடும். உன் ஓட்டைத் திருப்பிப் பார்த்து அடியிலிருக்கும் பெயரைக் குறித்துக்கொள். இடிக்கிற வீடுகளிலிருந்து அதே பெயர் ஓட்டை வாங்கினால் கச்சிதமாகக் கோத்துக்கொள்ளும். கண்டதை வாங்கினால் ஒழுகும்.

முற்றத்தை மூட வேண்டாம். குரங்கும் திருடனும் பயமென்றால் கம்பி வலை போடு. மழைச் சாரல் தாத்தாவுக்கு ஆகாது என்றால், ஓட்டு விளிம்புக்கு மேலே ஓர் இரண்டடி தூக்கிச் சட்டம் அடித்து, நான்கு பக்கமும் காற்றுப் போகும்படி ஷீட் போடலாம். கூடத்துச் சூடு மேலே போய்க் கரையும் வழி முற்றம்தான்.

தரை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கூடத்துச் சிவப்புத் தரையின் மேல் டைல்ஸ் ஒட்டினால் தரை இரண்டு அங்குலம் ஏறும். கதவுகளின் அடியை அறுக்க வேண்டும். ஏற்கனவே குனிந்து நுழையும் நிலைகளில் இன்னும் குனிய வேண்டும். ஆசிட் விட்டுத் தேய்க்காதே, தரையை அது தின்றுவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்து வா. சில வாரங்களில் என்ன நிறம் மேலே வருகிறது என்று நீயே பார்ப்பாய். பெயர்ந்த இடத்தில் ஒட்டுப் போட்டால் நிறம் ஒத்துவராது. ஆகவே அந்தப் பகுதியைச் சதுரமாக வெட்டியெடுத்து, ஆத்தங்குடிக் கல் பதித்துவிடு. கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்கிற அந்தக் கல், சிவப்புத் தரைக்கு நடுவே பாய் விரித்தாற்போல அமையும்.

வாசற்கதவிலும் தூண்களிலும் எனாமல் அடுக்கடுக்காக ஏறியிருக்கிறது. அடியில் பர்மா தேக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். சுரண்டி எடு, ஆனால் காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்ட் தூளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நனைத்துத் தேய், முகத்தை மூடிக்கொள், அக்கா குழந்தைகளை அந்த வாரம் அனுப்பிவிடு. அந்தத் தூண்களுக்கு விலை பேசிக்கொண்டு யாராவது வருவார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் அடுக்கியிருக்கும் தூண்களும் நிலைகளும் எல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் முகப்பில் நின்றவைதான்.

எலிவேஷன் வேண்டாம் என்று சொன்னால் உன் அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார் என்கிறாய். அவரைப் புதுச்சேரி வைசியாள் தெருவுக்கு ஒருமுறை அழைத்துப் போ. திண்ணையும் தூணும் சாய்ந்த ஓட்டுத் தாழ்வாரமுமாகத் தமிழ் வீடுகளின் முகப்புகளை வரிசையாகச் சீர்செய்திருக்கிறார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதும் அதற்குக் கிடைத்தது. முட்டுக்காடு தட்சிணசித்ராவிலும் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்தபின் பேச்சு சுலபமாகும்.

எல்லாவற்றையும் பழையபடி வைத்திரு என்று சொல்வதாக நினைத்துவிடாதே. அடுப்படியை முழுக்க மாற்று. அம்மா இருட்டில் நின்று சமைத்தது போதும். பாட்டிக்கு இரவில் கொல்லைக்குப் போகாமல் கழிவறை வேண்டும். பின்கட்டில் ஓர் அறையை அதற்கென்று ஒதுக்கு, மெட்ராஸ் டெரஸ் பக்கம் தண்ணீர்க் குழாயைக் கொண்டு போகாதே. மரப்பட்டி ஒயரிங்கை ஒன்று விடாமல் கழற்றிவிட்டு, புது எர்த்தும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போடு. சுவரைக் குடைந்து குழாய் புதைக்காமல் மேலோடு ஓட்டினால் போதும்.

ஒப்பந்தக்காரர் சுண்ணாம்பு வேலையெல்லாம் நிற்காது என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அவரோடு வாதாட வேண்டாம். ஆவணியிலேயே ஒரு கொத்தனாரைப் பிடித்து, கொல்லைப்புறச் சுவரில் மூன்றடிக்கு மூன்றடி பழைய பூச்சை எடுத்துவிட்டு, பாதியில் சிமென்ட்டும் பாதியில் சுண்ணாம்பும் பூசச் சொல். மேலே எதுவும் அடிக்காதே. தை பிறந்ததும் இரண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஒப்பந்தக்காரரையும் கூட்டிவந்து காட்டு. பெரிய வேலையை அதன் பிறகு பேசி, பங்குனி முடிவதற்குள் பூச்சை முடித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
பெரியப்பா