கொசஸ்தலை ஓரம் ஒரு பகலும் ஓர் இரவும்

வடகிழக்குப் பருவமழையில் பூண்டி ஏரி நிரம்பி உபரிநீர் திறக்கும்போதெல்லாம் செய்தித்தாள்களில் ஓர் ஊர்ப் பட்டியல் வரும். நம்பாக்கம், கிருஷ்ணாபுரம், ஆட்ரம்பாக்கம், ஒதப்பை, நெய்வேலி, மெய்யூர், வெள்ளியூர், தாமரைப்பாக்கம், திருக்கண்டலம் என்று தொடங்கி, சீமாவரம், நாப்பாளையம், இடையஞ்சாவடி வழியாக எண்ணூரில் முடியும். கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று மாவட்ட நிர்வாகம் விடுக்கும் வெள்ள அபாய எச்சரிக்கை அது. சென்னைக்கு மேற்கே நெமிலிச்சேரியில் குடியிருந்துகொண்டு, சைக்கிளில் ஓர் ஆற்றோடு கூடவே போய், அங்கேயே ஓர் இரவு தங்கிவர ஆசைப்படுகிறவருக்கு அந்தப் பட்டியலைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. அணையிலிருந்து கடல் வரை ஆறு எந்தெந்த ஊரைத் தொடுகிறது என்று அது வரிசையாகச் சொல்லிவிடுகிறது. எங்கே படுக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

நெமிலிச்சேரிக்குக் கூவம்தான் பக்கம். ஆனால் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் அதன் தண்ணீர் புது பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. அதற்குக் கீழே கூவத்தோடு சைக்கிள் ஓட்டுவதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. வடக்கே இருக்கும் கொசஸ்தலை அப்படியல்ல. பூண்டி போய், ஆற்றோடு இறங்கி, தாமரைப்பாக்கத்தில் திரும்பி வீடு வந்து சேர்ந்தால் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். ஒரே நாளில் முடிக்கலாம்தான். ஆனால் நடுவில் ஓர் இரவை வைத்தால்தான் ஆறு கண்ணில் படும்.

பொங்கல் கழிந்து பிப்ரவரி கடைசி வரை இதற்குச் சரியான காலம். மழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் கொஞ்சம் ஓட்டம் இருக்கும், பத்து மணி வரை வெயில் தாங்கும். ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். வெளிவட்டச் சாலை வந்து சேரும் நெமிலிச்சேரி சந்திப்பில் லாரிகள் விடிவதற்கு முன்பே நெருக்கத் தொடங்கும். தை மாதப் பனிமூட்டத்தில் சி.டி.எச். ரோட்டில் (சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை) போகும்போது பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் போவது உயிரோடு விளையாடுவது. திருநின்றவூர் தாண்டியதும் மூச்சு சீராகும். மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்த பூசலாரின் ஊர் அது. இருதயாலீஸ்வரர் கோயில் வாசலில் சைக்கிளைச் சாய்த்து ஐந்து நிமிடம் நிற்காமல் நான் போவதில்லை. திருவள்ளூரில் இட்லி. அங்கிருந்து பூண்டி பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான்.

சாமான் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். கூடாரம், விரிப்பு, ஒரு போர்வை, மூன்று லிட்டர் தண்ணீர், மாற்றுத் துணி ஒன்று. எடை முழுவதும் பின் கேரியரின் இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்க வேண்டும். முதுகில் பை மாட்டிக்கொண்டு எண்பது கிலோமீட்டர் மிதித்தால் மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாது. இந்தப் பாதையின் உண்மையான எதிரி சீமைக் கருவேல முள். கரையோரப் பாதை நெடுக உதிர்ந்து கிடக்கும். குத்திய முள் டயருக்குள் ஒடிந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ட்யூபை மட்டும் மாற்றினால் அரை கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும். டயரின் உட்புறத்தை விரலால் மெல்ல ஒரு சுற்று தடவி, கறுப்பாய் நெருடும் அந்த நுனியை உள்ளிருந்தே இடுக்கியால் பிடுங்கி எடுத்த பிறகுதான் புது ட்யூப் போட வேண்டும். இரண்டு ட்யூபும் ஓர் இடுக்கியும் கட்டாயம். கியர் சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் அதற்கான அடாப்டரையும் கையோடு வைத்திருங்கள். ஊர்ப் பக்கத்துப் பஞ்சர் கடையின் பம்பு அதில் பொருந்தாது.

பூண்டியை அவசரமாகக் கடந்துபோகக் கூடாது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி விடாப்பிடியாக நின்று 1940-இல் தொடங்க வைத்த அணை இது. 1944-இல் வேலை முடிந்தபோது அவர் இல்லை. முந்தைய ஆண்டு மார்ச்சிலேயே இறந்துவிட்டார். கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. கண்டலேறிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் இங்கேதான் சேர்கிறது. அணைக்காகப் பழைய திருவெண்பாக்கம் கோயில் நீருக்குள் போனது; ஊன்றீஸ்வரரைப் பூண்டியில் கோயில் எழுப்பிக் குடியேற்றினார்கள். பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு ஊன்றுகோல் கொடுத்த சாமி. பக்கத்திலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம், அதில் அத்திரம்பாக்கத்துக் கல்லாயுதங்கள். 1863-இல் நிலவியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த ஆற்றுப் படுகையில் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கைக்கோடரி செய்தவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். செய்தித்தாள் பட்டியலில் ஆட்ரம்பாக்கம் என்று வருவதும் இந்த ஊர்தான். ஓடையோரத்தில் தட்டுப்படும் கல் எதையும் பையில் போடாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம்.

இனி இரவு. ஒதப்பைக்குக் கீழே பல இடங்களில் ஆறு அகலமாக, சுத்தமான மணலாகக் கிடக்கும். கூடாரம் அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள். இந்த ஆறு மழையில் மட்டும் வருவதில்லை, மதகு வழியாகவும் வருகிறது. உங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம் இல்லாத நாளிலும் மேலே நீர்பிடிப்புப் பகுதியில் பெய்த மழைக்காகப் பூண்டி ஷட்டரைத் திறப்பார்கள். பகலில் திறந்தால் ஊருக்குள் செய்தி வந்துவிடும். மணலில் தனியாகத் தூங்குகிறவனுக்கு யார் வந்து சொல்வது? ஒதப்பையிலும் மெய்யூரிலும் தரைப்பாலம் மூழ்கி, அக்கரை இக்கரை துண்டான செய்திகளை நாம் படித்ததுதான். கிளம்புவதற்கு முன்பு சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடும் ஏரி நிலவரத்தில் பூண்டியின் நீர்மட்டத்தையும் வெளியேற்றத்தையும் பாருங்கள். ஆற்றில் உபரிநீர் போகிறது என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஏரிக்கரை மேலும் வேண்டாம், அது நீர்வளத் துறையின் இடம். வடக்கே சீத்தஞ்சேரிப் பக்கத்துக் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது.

மிச்சம் இருப்பது மனிதர்கள் வீட்டு நிலம். அதற்கு வாய் திறந்து கேட்க வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே கேட்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் ஆனால் நான் முதலில் தேடுவது ஆட்கள் வேலையாக இருக்கும் களத்துமேட்டைத்தான். மெய்யூர் தாண்டி ஒரு பம்புசெட்டுக் கொட்டகை அருகே நெல் தூற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம் சைக்கிளை விட்டு இறங்கி நின்று பேசினேன்.

"ஐயா, நெமிலிச்சேரிலேர்ந்து வர்றேன். ராத்திரிக்கு மட்டும் இங்க ஓரமா கூடாரம் போட்டுக்கலாமா? விடிஞ்சதும் கெளம்பிடுவேன்."

"நெமிலிச்சேரியா? பட்டாபிராம் பக்கமா?" என்று கேட்டு, சைக்கிளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "தனியாவா வந்த? சரி, போட்டுக்க. வைக்கப்போர் கிட்ட நெருப்பு மட்டும் பத்த வெக்காத. ஆத்துப் பக்கம் எறங்காத தம்பி."

ஆதார் அட்டையைக் காட்டினேன், வாங்கிப் பார்க்கவில்லை. ஆனால் காட்டியது நல்லது. ஊரில் நாலு பேர் "யார் அது" என்று கேட்டால் அவருக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும். எங்கே தங்குகிறேன் என்பதை, அவருடைய கைபேசி எண்ணோடு, வீட்டுக்கும் அனுப்பிவிட்டேன். பணம் நீட்டினால் இங்கே மனம் நோகும். திருவள்ளூரில் வாங்கி வைத்திருந்த பழத்தை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தேன்.

இருட்டிய பிறகு சைக்கிளைத் தொடாதீர்கள். அறுவடை நேரத்தில் இங்கே பாதிச் சாலை நெல் களம். குவித்த நெல்லைத் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் கருங்கல் வைத்திருப்பார்கள். இருட்டில் அந்தக் கல் தெரியாது. பகலிலும் காயும் நெல்மேல் சக்கரத்தை ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் முறை.

அடுப்பு கொண்டுபோவதில்லை. வீட்டிலிருந்து கட்டிய புளிசோறு இரவு வரை கெடாது. கூடாரம் என்பது இங்கே குளிருக்கோ மழைக்கோ அல்ல, கொசுவுக்கும் பாம்புக்கும். வயலோரம் எலி இருக்கும், எலியைத் தேடிக் கட்டுவிரியன் வரும். தரையில் படுத்தவரைத் தூக்கத்திலேயே கடிக்கும், பல சமயம் வலிகூடத் தெரியாது. ஜிப்பை முழுக்க இழுத்து மூடுங்கள், செருப்பை உள்ளே வையுங்கள், இரவில் எழுந்தால் டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள். விடியலில் காரணம் புரியாமல் வயிற்று வலியோ கண் இமை சரிவதோ இருந்தால் அதைப் பாம்புக்கடியாகவே எடுத்துக்கொண்டு 108-ஐ அழைத்துத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கடிபட்ட இடத்தைக் கீறுவதும் கயிறு கட்டுவதும் கூடாது. பனி நிறைய இறங்கும். கூடாரத்தின் மேல்துணியில் ஒரு பக்கம் காற்றுக்குத் திறப்பு விட்டால் உள்ளே வியர்த்து ஒழுகாது.

விடியற்காலை மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக எடுத்துக்கொண்டது. தொட்டியில் விழுந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே பனி, குழாயில் நிலத்தடியின் சூடு. அந்தக் குளியலுக்காக மட்டுமே இந்தப் பயணத்தை மறுபடியும் போகலாம். பெரியவர் சோப்பு போட வேண்டாம் என்றார், அந்தத் தண்ணீர் நேரே வாய்க்காலுக்குப் போகிறது.

வெள்ளியூர் வழியாகத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டு. ஆற்றை இங்கே மறித்துச் சோழவரத்துக்கும் புழலுக்கும் திருப்பித்தான் 1872-இல் சென்னைக்கு முறையான குடிநீர் கொடுத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் குடிநீர் வாரியத்தின் ஆழ்குழாய்க் கிணறுகள் இருக்கின்றன. ஏரிகள் வறண்ட ஆண்டுகளில் நகரம் இந்த மணலுக்குக் கீழே இருந்த தண்ணீரைத்தான் குடித்தது. இதை அறிந்தபின் கரையில் ஒரு பிளாஸ்டிக் உறையைக்கூட விட்டுவர எனக்குக் கை வராது. அங்கிருந்து பாக்கம், திருநின்றவூர் வழியாக ஒன்பது மணிக்குள் நெமிலிச்சேரி வந்துவிடலாம்.

தாமரைப்பாக்கத்துக்குக் கீழே பாதிப் பட்டியல் இன்னும் இருக்கிறது. அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருக்கண்டலத்தில் ஆற்றங்கரைச் சிவன் கோயில் வரை அமைதியான சாலைதான். மீஞ்சூர் நெருங்கியதும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வந்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்த எண்ணூர் முகத்துவாரத்தை அவசியம் பாருங்கள், ஆனால் பகலிலேயே பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அந்தப் பக்கம் கூடாரம் வேண்டாம். மீஞ்சூரிலிருந்து வெளிவட்டச் சாலை நேரே நெமிலிச்சேரிக்கே கொண்டுவந்து விடும். சுமார் முப்பது கிலோமீட்டர், நிழல் அறவே இல்லை. சர்வீஸ் ரோட்டிலேயே வாருங்கள், தண்ணீரை மீஞ்சூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.