நகல் வேறு, காப்பு வேறு!
(நம் லேப் சர்வர் பற்றி ஒரு பாடம்)



நம் கணினி லேபில் ஆசிரியர் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு கறுப்புப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. "இது எதுக்குடா சும்மா ஓடுது?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சும்மா ஓடவில்லை! நாம் எழுதும் பைத்தான் புரோகிராம், மை-எஸ்.க்யூ.எல். பயிற்சி, செய்முறை ரெக்கார்டு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்ளும் மாணவர் குழுவில் நானும் ஒருவன். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

மெய்நிகர் கணினி என்றால் என்ன?

ஒரு வீட்டைத் தடுத்து மூன்று குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவது போல, ஒரே கணினியைப் பிரித்துப் பல கணினிகளாக ஓட்டுவதே 'விர்ச்சுவலைசேஷன்'. ஒவ்வொன்றுக்கும் தனி இயங்குதளம், தனி நினைவகம், தனி வட்டு. ஒன்று படுத்துவிட்டாலும் மற்றவை பாட்டுக்கு ஓடும்.

இது புதிதல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே தன் பெரிய கணினிகளுக்கு 'வி.எம்./370' என்ற மென்பொருளை அறிவித்தது. லினக்ஸின் கருவுக்குள் 'கே.வி.எம்.' என்ற பகுதி 2007-இல் சேர்ந்தது. அதைப் பயன்படுத்தும் 'பிராக்ஸ்மாக்ஸ்' என்ற கட்டற்ற மென்பொருள் 2008-இல் வியன்னா நகரிலிருந்து வெளிவந்தது. நம் லேபில் இருப்பது இதுதான்.

நம் பெட்டிகளுக்கு வைகை, காவிரி என்று பெயர். கோப்பு சர்வரும் மை-எஸ்.க்யூ.எல். சர்வரும் வைகையில் ஓடுகின்றன. பைத்தான் பயிற்சிக் கணினி காவிரியில் ஓடுகிறது.

நகல் எப்படிப் போகிறது?

ஒவ்வொரு பெட்டியிலும் 'இசட்.எஃப்.எஸ்.' என்ற சேமிப்பு முறை உள்ளது. இது வட்டின் அந்த நேரத்து நிலையை ஒரு போட்டோ மாதிரி பிடித்து வைக்கும். இதற்கு 'ஸ்னாப்ஷாட்' என்று பெயர். முதல் தடவை முழு வட்டும் அடுத்த பெட்டிக்குப் போகும். பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை, போன போட்டோவுக்கும் இந்தப் போட்டோவுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் போகும். அதனால்தான் நம் சாதாரண நெட்வொர்க் கேபிளே இதற்குப் போதுகிறது.

வைகை எரிந்தே போனாலும் கோப்பு சர்வரைக் காவிரியில் ஏற்றிவிடலாம். கடைசி 15 நிமிட வேலை மட்டும்தான் போகும். 'டி.ஆர்.பி.டி.' என்று இன்னொரு முறையும் உண்டு. அதில் இரண்டு வட்டிலும் எழுதி முடித்த பிறகே "எழுதியாச்சு" என்று பதில் வரும்படி வைக்கலாம். இழப்பு குறையும், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்க வேண்டும்.

கோளாறு வந்தால்?

1. ஒன்று அணைந்தால் மற்றது முரண்டு பிடிக்கும்

கரண்ட் போய் வைகை அணைந்துவிட்டது என்று வையுங்கள். காவிரியில் ஏற்கெனவே ஓடுவது ஓடும். ஆனால் புதிதாக எதையாவது இயக்கப் போனால் "குவோரம் இல்லை" என்று மறுத்துவிடும். காரணம் ஓட்டுக் கணக்கு. பெட்டிக்கு ஒரு ஓட்டு, மொத்தம் இரண்டு. பெரும்பான்மைக்கு இரண்டும் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது.

"இது என்ன வம்பு?" என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். வைகை அணையவே இல்லை, நடுவில் கேபிள்தான் கழன்றது என்றால்? அது செத்துவிட்டது என்று நினைத்துக் காவிரியும் அதே கோப்பு சர்வரை இயக்கும். பாதிப் பேர் இங்கே சேமிப்பார்கள், பாதிப் பேர் அங்கே. பிறகு எது உண்மையான கோப்பு? இதைத்தான் 'ஸ்ப்ளிட் பிரெயின்' என்பார்கள், ஒரு உடம்பில் இரண்டு மூளை!

ஓட்டு எண்ணிக்கையை ஒன்றாகக் குறைக்க ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டும் முன் நேரில் போய் மற்ற பெட்டி அணைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பவர் ஒயரையும் பிடுங்கிவிடுவது நல்லது. இதைவிட நல்ல வழி மூன்றாவது ஓட்டு. நாங்கள் ஒரு சிறிய ராஸ்பெர்ரி பை கணினியை ஓட்டுப் போடுவதற்கென்றே வைத்திருக்கிறோம். பஞ்சாயத்தில் நடுவர் மாதிரி!

2. நகல் நின்றுபோனால்

இது சத்தமே போடாது. நிலைப் பட்டியலில் "தோல்வி" என்று ஒரு வரி மட்டும் வரும். வாங்கும் பெட்டியில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை, அழித்த கோப்பின் இடமும் திரும்பக் கிடைக்காது. வட்டு 80 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். இடம் இருந்தால், அடுத்து நெட்வொர்க் கேபிளைப் பாருங்கள்.

3. வட்டு கெட்டுப்போனால்

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே தகவலுடன் இரண்டு வட்டுகள் உண்டு. 'இசட்பூல் ஸ்டேட்டஸ்' கட்டளையில் "டிகிரேடட்" என்று வந்தால் ஒன்று போய்விட்டது, மற்றது தாங்குகிறது என்று பொருள். அவசரப்பட்டு நல்ல வட்டைக் கழற்றிவிட்டால் கதை முடிந்தது! ஆகவே வட்டின் மேலுள்ள சீரியல் எண்ணைத் திரையில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

நகல் காப்பாற்றாத நாள்

இந்த ஜனவரியில், செய்முறைத் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தபோது, கோப்பு சர்வரில் 12-ஆம் வகுப்பின் ரெக்கார்டு அடைவையே யாரோ தெரியாமல் அழித்துவிட்டார்கள். நடந்தது காலை இரண்டாம் பிரியடில், தெரிந்தது மதிய உணவுக்குப் பிறகு. "காவிரியில் நகல் இருக்குமே!" என்றார்கள் எல்லோரும். போய்ப் பார்த்தால் அங்கேயும் காலி!

ஏன்? அழித்ததும் ஒரு மாற்றம்தானே? அடுத்த 15 நிமிடத்துக்குள் அந்த மாற்றமும் ஒழுங்காக அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நகல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கண்ணாடி முன் நின்று மீசையை எடுத்தால் கண்ணாடியிலும் மீசை போய்விடும் இல்லையா? அது போலத்தான்.

கை கொடுத்தது தினமும் இரவில் தனி யு.எஸ்.பி. வட்டில் எடுக்கும் காப்பு. அதைப் பழைய சர்வரின் மேலேயே போடாமல், வேறு எண்ணில் புதிய மெய்நிகர் கணினியாக, நெட்வொர்க் இணைப்பு இல்லாமல் எழுப்பினோம். தொலைந்த அடைவை மட்டும் எடுத்துக் கோப்பு சர்வரில் வைத்தோம். அன்று காலை எழுதியது மட்டும் போனது. அதை அன்று மாலையே நண்பர்கள் மறுபடி தட்டச்சு செய்துவிட்டார்கள்.

நகல், பெட்டி கெட்டால் உதவும். காப்பு, மனிதர் கை தவறினால் உதவும். இரண்டும் வேண்டும்.

தினமும் காலையில் நாங்கள் பார்ப்பவை

* ஓட்டு மூன்றும் இருக்கிறதா?
* கடைசி நகல் எத்தனை மணிக்குப் போனது?
* வட்டுகள் எல்லாம் "ஆன்லைன்" என்று சொல்கின்றனவா?
* இடம் எவ்வளவு மிச்சம்?
* நேற்றிரவுக் காப்பு முடிந்ததா?

மாதம் ஒருமுறை ஒரு காப்பை எழுப்பிப் பார்க்கிறோம். எழுப்பிப் பார்க்காத காப்பு, திறந்து பார்க்காத கட்டுச்சோறு மாதிரி. பசிக்கும்போதுதான் கெட்டுப்போனது தெரியும்!

சிந்திக்க: மூன்று பெட்டிகள் இருந்தால் பெரும்பான்மைக்கு எத்தனை ஓட்டு வேண்டும்? நான்கு இருந்தால்? மூன்றைவிட நான்கு ஏன் பெரிய லாபம் இல்லை? விடையைத் துண்டுத்தாளில் எழுதி லேப் வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள்.

– 12-ஆம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு