உடம்பைப் பார்த்தால் தெரியும்: தாவரங்களைப் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

தாவரங்களைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான கருத்துகளில் பல, அரைகுறையாகப் படித்த அறிவியலிலிருந்து வந்தவை. அதனால்தான் அவற்றைக் கலைப்பது கடினமாக இருக்கிறது. பேய் என்று சொன்னால் சிரிப்பவர்கூட, கரியமில வாயு என்று சொன்னால் தலையாட்டிவிடுகிறார். இங்கே எடுத்துக்கொண்டிருப்பவை கைப்பேசித் தகவல்களிலும் மேடைப் பேச்சுகளிலும், சில நேரம் வகுப்பறைகளிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுபவை. ஒவ்வொன்றுக்கும் விடை அந்தத் தாவரத்தின் உடம்பிலேயே இருக்கிறது.

நம்பிக்கை: இரவில் புளியமரத்தடியில் படுத்தால் மூச்சு முட்டும், அரசமரம் மட்டும் இரவிலும் ஆக்சிஜன் தரும்.

புளியமரம் இரவில் கரியமில வாயுவை விடுகிறது, அது படுத்திருப்பவரின் மூச்சை அடைக்கிறது, அதைத்தான் முன்னோர்கள் பேய் என்றார்கள் என்று விளக்கம் சொல்கிறார்கள். மரம் இரவில் சுவாசிப்பது உண்மை. பகலிலும்தான் சுவாசிக்கிறது. ஆனால் திறந்தவெளியில் அந்த வாயு தேங்கி நிற்பதில்லை, காற்றோடு கலந்து போய்விடும். ஒரு மனிதர் ஒரு நாளில் வெளிவிடும் கரியமில வாயுவே ஏறக்குறைய ஒரு கிலோ. அடைத்த அறையில் நான்கு பேர் சேர்ந்து படுத்து, காலையில் நலமாக எழுந்து வருகிறோம். தூக்கத்தில் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குவது போன்ற உணர்வு பலருக்கும் வருவதுதான். மூளை விழித்துக்கொண்ட பிறகும் தசைகள் சிறிது நேரம் செயலற்றுக் கிடப்பதால் வருவது அது. மரத்தடியில் படுத்தவருக்கும் வரும், மெத்தையில் படுத்தவருக்கும் வரும்.

அடுத்து அரசமரம். இலை வெளிவிடும் ஆக்சிஜன், தண்ணீர் பிளக்கப்படும்போது கிடைப்பது. சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் 1941இல், எடை கூடிய ஆக்சிஜன் அணுக்களைத் தண்ணீரில் அடையாளமாக வைத்து இதைக் காட்டினார்கள். தண்ணீரைப் பிளக்க வெளிச்சம் வேண்டும். வெயில் பட்டால்தான் பச்சை இலை நல்ல காற்றைத் தரும், இருட்டில் தராது என்பதை யான் இங்கன்ஹவுஸ் 1779லேயே எழுதிவிட்டார். அரசு, வேம்பு, துளசி எதற்கும் இதில் விலக்கில்லை.

கற்றாழை, அன்னாசி, சப்பாத்திக்கள்ளி போன்றவை இலைத்துளைகளை இரவில் திறக்கின்றன என்பதைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். அவை திறப்பது கரியமில வாயுவை உள்ளே இழுக்க. பகலில் துளையைத் திறந்தால் உடம்பிலுள்ள தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால், இரவில் வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்து, பகலில் துளையை மூடிக்கொண்டு சமைக்கின்றன. ஆக்சிஜன் உண்டாவது அவற்றிலும் பகலில்தான்.

நம்பிக்கை: மரத்தின் எடையெல்லாம் மண்ணிலிருந்து வருகிறது.

இதைச் சோதிக்க ஒருவர் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார். பிரஸ்ஸல்ஸ் பகுதியில் வாழ்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மாண்ட், காயவைத்து நிறுத்த 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். தண்ணீரைத் தவிர வேறெதுவும் ஊற்றவில்லை. ஐந்து ஆண்டு கழித்து மரம் 169 பவுண்டு இருந்தது. மண்ணில் குறைந்தது இரண்டு அவுன்ஸ், அதாவது 60 கிராமுக்கும் குறைவு. அவர் இறந்த பிறகு 1648இல் வெளியான நூலில் இது இருக்கிறது. எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். பாதிதான் சரி. மீதியைக் காற்று கொடுத்தது. 1804இல் தியோடர் டி சசூர் அளந்து பார்த்து, கரியமில வாயுவும் தண்ணீரும் சேர்ந்தே தாவரத்தின் உடலாகின்றன என்று நிறுவினார்.

காய்ந்த தாவரத்தின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் மூன்றும்தான். மண்ணும் உரமும் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. நைட்ரஜனும் மெக்னீசியமும் இல்லாமல் பச்சையமே உருவாகாது. அளவில் சிறிதுதான், இல்லாவிட்டால் பயிரே நிற்காது. ஆனால் ஒரு வேப்பமரத்தின் கட்டையிலுள்ள அத்தனை கார்பனும் பத்தாயிரத்தில் நான்கு பங்கு மட்டுமே கரியமில வாயு உள்ள காற்றிலிருந்து சேர்க்கப்பட்டது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நம்பிக்கை: தாவரங்கள் கடலிலிருந்து கரையேறின.

கடற்பாசிகள் மெல்ல மெல்லக் கரைக்கு வந்து செடிகளாயின என்று படம் போட்டே காட்டுகிறார்கள். உயிரின் தொடக்கம் கடலாக இருக்கலாம். தரைத்தாவரங்களின் நெருங்கிய உறவுகளோ நன்னீரிலும் ஈர மண்ணிலும் வாழும் பச்சைப் பாசிகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்களின் மரபுத் தகவல்களை ஒப்பிட்டு 2019இல் வெளிவந்த பெரிய ஆய்வும் அந்த உறவு சைக்னிமா வகைப் பாசிகளோடுதான் என்று உறுதி செய்தது. அந்தக் கூட்டத்தில் நமக்கு நன்கு தெரிந்த ஒன்று உண்டு: உயிரியல் வகுப்பில் நுண்ணோக்கியின் கீழ் பச்சைச் சுருள் நாடாவோடு தெரியும் ஸ்பைரோகைரா. குளத்தில் வழவழவென்று மிதக்கும் அந்த இழைதான், கடலில் வாழும் எந்தப் பாசியைக் காட்டிலும் ஆலமரத்துக்கு நெருங்கிய சொந்தம். வற்றி நிறையும் குட்டைகளில் வாழ்ந்ததால் வறட்சியையும் வெயிலையும் தாங்கும் வழிகள் சில இந்தப் பாசிகளிடம் ஏற்கெனவே இருந்தன.

கரையேறியவை தனியாகவும் வரவில்லை. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற சிற்றூர் அருகே, வில்லியம் மேக்கி என்ற மருத்துவர் 1912இல் ஒரு பாறையைக் கண்டார். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வெந்நீர் ஊற்றுகளின் சிலிக்கா அங்கிருந்த செடிகளை நின்ற நிலையிலேயே கல்லாக்கிவிட்டது. பாறையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் செல் செல்லாக எண்ணலாம். சாண் உயரத் தண்டுகள், பெரும்பாலானவற்றில் இலை இல்லை, உண்மையான வேர் இல்லை. ஆனால் தண்டின் மேல் இலைத்துளைகள் இருக்கின்றன, நீர் காக்கும் மெழுகுத்தோல் இருக்கிறது. தண்டுக்குள் பூஞ்சை குடியிருக்கிறது, இன்றைய பயிர்களின் வேரில் பாஸ்பரசைக் கொண்டுவந்து தரும் வேர்ப்பூஞ்சை போலவே. வேர் தோன்றும் முன்பே பூஞ்சையோடு கூட்டு தோன்றிவிட்டது. இடையே ஒன்று சொல்லிவிட வேண்டும்: பூஞ்சையும் காளானும் தாவரங்களே அல்ல. உறவுமுறையில் அவை விலங்குகளுக்கு நெருக்கமானவை.

நம்பிக்கை: மாஸ் வளர்ந்து பெரணியாயிற்று, பெரணி வளர்ந்து பைனாயிற்று, கடைசியில் பூக்கும் தாவரம் வந்தது.

பாடப்புத்தகங்கள் தாவரங்களை வரிசைப்படுத்தும் முறையே இந்த எண்ணத்தை விதைக்கிறது. முதல் பாடம் பிரையோஃபைட்டுகள், அடுத்தது டெரிடோஃபைட்டுகள், பிறகு ஜிம்னோஸ்பெர்ம்கள், முடிவில் ஆஞ்சியோஸ்பெர்ம்கள். படிக்கும் மாணவர் அதை ஏணியாகவே எடுத்துக்கொள்கிறார். மழைக்காலச் சுவரில் பச்சையாகப் படரும் மாஸ் அவருக்கு வளர மறந்த செடியாகிவிடுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான்.

இன்றைய மாஸ் எதற்கும் பாட்டி அல்ல. அதுவும் மாமரமும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து, ஒரே அளவு காலம் பரிணாமத்தில் கடந்து வந்தவை. சில உறுப்புகள் மாஸ் வகையறாவில் இல்லாதது பின்னாளில் விட்டுவிட்டதாலும் இருக்கலாம். மாஸின் உறவுகளான லிவர்வோர்ட்டுகளில் இலைத்துளை கிடையாது. ஆனால் அவற்றின் முன்னோர்களுக்கு அது இருந்து மறைந்திருக்கிறது என்று மரபணு ஒப்பீடுகளிலிருந்து ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மரம் தண்ணீரை வேரிலிருந்து உச்சிக்கு இறைத்து வறட்சியைச் சமாளிக்கிறது. மாஸ் செய்வது வேறு: காய்ந்தே விடுகிறது, நனைந்ததும் எழுந்துகொள்கிறது. அண்டார்டிகா அருகே சிக்னி தீவில் 1,500 ஆண்டுகளுக்கு மேல் உறைந்து கிடந்த மாஸ், ஆய்வகத்தில் வெளிச்சமும் ஈரமும் கிடைத்ததும் துளிர்த்ததை 2014இல் அறிவித்தார்கள். எந்தத் தேக்குமரத்தாலும் முடியாத காரியம்.

பெரணியும் அப்படித்தான். நிலக்கரிக் காலத்துப் பழைய பொருள் என்று அதை நினைக்கிறோம். இன்று காணும் பெரணி இனங்களில் பெரும்பாலானவை, பூக்கும் மரங்கள் காடுகளைப் பிடித்துக்கொண்ட பிறகு அவற்றின் நிழலில் பெருகியவை. அந்த நிழலின் மங்கலான வெளிச்சத்தை உணரப் பல பெரணிகளுக்கு நியோகுரோம் என்ற ஒரு புரதம் உதவுகிறது. அதற்கான மரபணு, ஏணியில் நாம் அடிப்படியில் வைத்த ஹார்ன்வோர்ட்டுகளிடமிருந்து பெரணிகளுக்கு வந்து சேர்ந்தது என்பது 2014இல் தெரியவந்தது. வழிவழியாக வந்த சொத்து இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கியது.

பனையைப் போலத் தோன்றும் சைக்கஸை ‘வாழும் புதைபடிவம்’ என்பார்கள். குடும்பம் டைனோசர்களுக்கும் மூத்தது என்பது சரி. ஆனால் இன்றுள்ள சைக்கஸ் வகை இனங்கள் பெரும்பாலும் கடந்த ஒரு கோடிச் சொச்சம் ஆண்டுகளில் கிளைத்தவை என்று 2011இல் மரபணு ஆய்வு காட்டியது. குடும்பப் பெயர் பழையது, பிள்ளைகள் புதியவர்கள்.

நம்பிக்கை: அத்தி பூக்காது.

பூக்கும். நூற்றுக்கணக்கில் பூக்கும். நாம் காய் என்று நினைப்பது உள்பக்கமாகச் சுருண்ட ஒரு பூங்கொத்து. பிஞ்சை இரண்டாகப் பிளந்தால் உட்சுவர் முழுக்கப் பூக்கள் தெரியும். நுனியிலுள்ள சிறு துளை வழியே கடுகளவு குளவி ஒன்று நுழைகிறது. நுழையும்போதே சிறகுகள் உதிர்ந்துவிடும். உடம்பில் கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களுக்குக் கொடுத்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே இறந்துவிடுகிறது. பிறக்கும் ஆண் குளவிகளுக்குச் சிறகே இல்லை. இணை சேர்ந்து, வெளியேறும் வழியைத் துளைத்துக் கொடுத்துவிட்டு அவையும் மடியும். பெண் குளவிகள் மகரந்தத்தோடு அடுத்த மரம் தேடிப் பறக்கின்றன. ஆல், அரசு, அத்தி ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் அததற்கென்று குளவி உண்டு. அந்தக் குளவி அழிந்தால் அந்த மரத்துக்கு விதை இல்லை.

நம்பிக்கை: முள்ளும் சதையுமாக இருந்தால் எல்லாம் ஒரே கள்ளி.

சதுரக்கள்ளியை ஒடித்தால் பால் வடியும். அது ஆமணக்கின் குடும்பம், நம் மண்ணுக்குரியது. சப்பாத்திக்கள்ளியில் பால் இல்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கேக்டஸ் குடும்பம். தொடர்பில்லாத இரண்டு குடும்பங்கள், வறட்சி என்ற ஒரே சிக்கலுக்குத் தனித்தனியாக ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன.

நம்பிக்கை: பனையும் தென்னையும் வாழையும் மரங்கள்.

பேச்சு வழக்கில் மரம் என்பதில் தவறில்லை. உடற்கூறு வேறு சொல்கிறது. வாழையின் ‘மரம்’ ஒன்றை ஒன்று சுற்றிய இலையடிகளால் ஆனது. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. நாம் பொரியல் செய்யும் வாழைத்தண்டு, அந்தக் கிழங்கிலிருந்து பூவைச் சுமந்துகொண்டு நடுவில் ஏறிவருவது. வாழையை உலகின் மிகப்பெரிய பூண்டுகளில் ஒன்று என்று தாவரவியலார் சொல்வது அதனால்தான்.

பனை இன்னும் சுவையானது. வெளிப்புறம் வைரம் பாய்ந்தவை புல், உட்புறம் வைரம் பாய்ந்தவை மரம் என்று தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்கிறது. ஓலையும் பாளையும் அங்கே புல்லின் உறுப்புகள். தாவரவியலின் கண்டுபிடிப்பு அதோடு ஒத்துப்போகிறது. வேம்பிலும் தேக்கிலும் பட்டைக்கு உள்ளே கேம்பியம் என்ற வளரும் அடுக்கு ஒன்று உண்டு. அது உட்பக்கம் கட்டையைச் சேர்த்துக்கொண்டே போவதால் மரம் பருக்கிறது, வளையங்கள் உண்டாகின்றன, நடுவே வைரம் பாய்கிறது. பனைக்கும் தென்னைக்கும் மூங்கிலுக்கும் நெல்லுக்கும் கேம்பியம் இல்லை. நீர்க்குழாய்க் கற்றைகள் தண்டில் சிதறிக் கிடக்கும், ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் தளர்வாகவும். அதனால்தான் பனஞ்சட்டத்துக்கு வெளிப்புறத்தை எடுத்துக்கொண்டு நடுச்சோற்றை விட்டுவிடுகிறார்கள். பனை இளமையிலேயே முழுப் பருமனைத் தரையடியில் சேர்த்துக்கொண்டு பிறகுதான் உயரத் தொடங்குகிறது. வளையம் எண்ணி அதன் வயதைச் சொல்ல முடியாது. வளருமிடம் உச்சிக் குருத்து ஒன்றுதான், அது போனால் பனையும் போயிற்று.

தோப்பு வைத்திருப்பவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேம்பில் கோடாலி பட்டால் கேம்பியம் புதுக்கட்டை வளர்த்து நாளடைவில் காயத்தை மூடிவிடும். தென்னைக்கு அந்த வசதி கிடையாது. ஏறுவதற்குத் தண்டில் படி வெட்டாதீர்கள், பலகை மாட்ட ஆணி அடிக்காதீர்கள். அந்தக் காயம் தென்னையின் ஆயுள் முழுவதும் திறந்தே இருக்கும். சிவப்புக் கூன்வண்டு முட்டையிடத் தேடிவருவதும் அத்தகைய காயத்தைத்தான்.